நிறைஞ்சிருச்சு

சித்திரை வெயிலில் தண்ணீர் ஏறுகிற கிணற்றை நீங்கள் எங்கேயாவது பார்த்ததுண்டா? மாநில நிலநீர்க் கணிப்பு இயக்ககம் பார்த்தது. அதுவும் ஒரு கிணற்றை அல்ல, இருபத்துமூன்று ஊர்க் கிணறுகளை. மூன்று ஆண்டுகளாக மழை எட்டிப் பார்க்காத கரிசல் காட்டில், கிணறுகள் விளிம்புவரை நிரம்பிக் கிடப்பதாக இயக்ககத்தின் வரைபடம் சொன்னது. வரைபடம் சொல்லிவிட்டால் அப்புறம் பேச்சே கிடையாது, ஏனென்றால் தை மாதத்திலிருந்து அதுதான் சட்டம்.

அந்த வரைபடத்தை வரைந்தது மனிதர் யாருமில்லை. ‘ஊற்றுக்கண்’ என்று பெயர் வைத்த செயற்கை அறிவு அது. பூமிக்கு அடியில் எந்த ஊரில் எவ்வளவு தண்ணீர் என்று வாரந்தோறும் கணக்கிட்டு, வற்றிய ஊருக்குச் சிவப்பும், தண்ணீர் மிஞ்சுகிற ஊருக்கு நீலமும் பூசும். சிவப்பு ஊருக்கு லாரித் தண்ணீர் உண்டு. நீல ஊருக்கு லாரி கிடையாது, அங்கே மிஞ்சுவதை எடுத்து வேறு இடத்துக்குக் கொடுத்துவிடலாம். கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது! இனி தண்ணீரில் கட்சிக்காரர்கள் கை வைக்க முடியாது, இயந்திரத்துக்கு ஏது சாதி, ஏது கட்சி என்று பத்திரிகைகள் தலையங்கம் எழுதின.

இயக்ககத்தில் துணை இயக்குநராக இருந்த சண்முகவடிவுக்கு மட்டும் அந்த நீலம் உறுத்திக்கொண்டே இருந்தது. இருபத்துநான்கு வருடம் பாறைகளோடு மாரடித்த நிலவியலாளர் அவள். ஒரு நாள் இயக்குநர் இளஞ்சேரன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“வடிவு, பொம்மக்கரிசலுக்கு ஒரு நடை போய்ட்டு வந்து களச்சான்றுல கையெழுத்துப் போட்டுருங்க. கடலோரத் தொழில் பூங்காவுக்கு அந்த இருபத்துமூணு ஊர் உபரியத்தான் எடுக்கப் போறோம்.”

“சார், அங்க மேல பத்தடி கரிசல். அதுக்குக் கீழ கொஞ்சம் சுண்ணாம்புச் சுக்கான். அப்புறம் பூராவும் கல்லு. அந்தக் கல்லுக்குள்ள இவ்வளவு தண்ணி எங்க சார் நிக்கும்?”

“அதுதானம்மா கண்டுபிடிப்பே. ஆழ்ந்த ஊற்று. என் கட்டுரைய நீங்க படிக்கலையா?”

அந்தக் கட்டுரையைப் படிக்காதவர் இயக்ககத்தில் ஒருவரும் இல்லை. படிக்கவில்லை என்று சொல்லிவிட்டு அங்கே வேலை பார்க்க முடியாது. ‘கரிசலின் ஆழ்ந்த ஊற்று’ என்று அவர் கருத்தரங்கில் வாசித்ததற்குக் கொடுத்த கேடயம் அவர் நாற்காலிக்குப் பின்னால் பளபளத்துக்கொண்டிருந்தது.

வடிவு மேற்கொண்டு வாயாடவில்லை. அதற்கு ஒரு காரணமும் இருந்தது. கிணறுகளில் பொருத்திய அளவுக் கருவிகளை உப்புத் தண்ணீர் அரித்துத் தின்றபோது, கருவி வேண்டாம், மனிதர்களே போதும் என்று யோசனை சொன்னவள் அவள்தான். ஊருக்கு ஒரு பெண்ணை நீர்க்காவலராக வைத்துக்கொள்வது; அவர் திங்கட்கிழமைதோறும் கிணற்றில் கயிறு விட்டு அளந்து, ஊற்றுக்கண் போனில் கேட்கும்போது தம் பேச்சிலேயே சொல்லிவிடுவது. படிவம் கிடையாது, ஆங்கிலம் கிடையாது. ஊற்றுக்கண்ணுக்குத் தமிழ்நாட்டின் எல்லா வட்டாரப் பேச்சும் அத்துப்படி என்று அதை உருவாக்கியவர்கள் மார்தட்டினார்கள். வடிவும் அதை நம்பினாள்.

பொம்மக்கரிசல் நாற்பது வீட்டுக் கிராமம். அவள் போய் இறங்கியது ஒரு திங்கட்கிழமை காலை. ஊரின் பெண்களில் பாதிப் பேர் நாலு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊருணிக்குக் குடத்தோடு போயிருந்தார்கள். கிணற்றடியில் கையில் கயிற்றோடு நின்றிருந்தவள் நீர்க்காவலர் குருவம்மா. அவளுக்கும் வடிவின் வயதுதான், நாற்பத்தேழு நாற்பத்தெட்டு இருக்கும்.

“நீங்கதான் லாரிய நிறுத்துன ஆபீசா மேடம்?” என்பதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி. “தை மாசத்துலருந்து ஒரு லாரி வரல. ஒம்பது மனு போட்டுட்டோம். உங்க ஊர்ல தண்ணி மிஞ்சிக் கெடக்குன்னு பதில் வருது. எங்க கெடக்குன்னு நீங்களாச்சும் காட்டிட்டுப் போங்க.”

வடிவு கிணற்றை எட்டிப் பார்த்தாள். அடியில் காய்ந்த வேலிக்கருவை இலைகளும் ஒற்றை ரப்பர் செருப்பும் கிடந்தன. வரைபடத்தின்படி இந்நேரம் அவள் முகம் தண்ணீரில் தெரிய வேண்டும்.

ஒன்பது மணிக்குப் போன் அடித்தது. குருவம்மா அதை ஒலிபெருக்கியில் போட்டுத் திட்டில் வைத்தாள். “வணக்கம். பொம்மக்கரிசல் கிணற்றில் தண்ணீர் எத்தனை பாகம் இருக்கிறது?” என்று ஒரு பதவிசான குரல் கேட்டது. ஆள் இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம் ஒரு பாகம். குருவம்மா கயிற்றை விட்டாள். நுனியில் கட்டியிருந்த இரும்புக் குண்டு கல்லில் ணங்கென்று இடித்தது. இழுத்து, குண்டைத் தடவிப் பார்த்தாள். புழுதிதான் ஒட்டியிருந்தது. முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு பணிவாகச் சொன்னாள்.

“நிறைஞ்சிருச்சுய்யா.”

“நன்றி. கிணறு நிறைந்துள்ளது எனப் பதிவு செய்யப்பட்டது.”

வடிவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “என்ன சொன்னீங்க இப்போ?”

“நெலவரத்தச் சொன்னேன்.”

“கிணறு காஞ்சு கெடக்கு. நிறைஞ்சிருச்சுங்கிறீங்க!”

குருவம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். இந்த அம்மாளை வீட்டில் எப்படி வளர்த்தார்கள் என்கிற பார்வை அது. “பின்னே என்ன சொல்லச் சொல்றீக? உங்க வீட்டுல அரிசி தீந்துபோனா இல்லைன்னா சொல்லுவீக? நிறைஞ்சிருச்சும்பாக. உப்பு, மஞ்சளு, வெளக்குக்கு ஊத்துற எண்ணெ, எல்லாத்துக்கும் அதான் பேச்சு. தண்ணி அதுகளுக்கெல்லாம் மேல இல்லையா? கெணத்து வாயில நின்னுக்கிட்டு அந்தச் சொல்லச் சொன்னா அப்புறம் அதுல ஊறுமா?”

“மிஷின் நிறைந்துள்ளதுன்னு திருப்பிச் சொல்லுதே, அப்பக்கூட உங்களுக்குச் சந்தேகம் வரலையா?”

“மிஷினும் மரியாத தெரிஞ்சதுன்னு நெனச்சோம். ஒருநாளும் அது இல்லைன்னு சொன்னதில்ல பாருங்க.”

பாளையங்கோட்டையில், வடிவின் அம்மா அடுத்த வீட்டுக்குக் கிண்ணத்தைக் கொடுத்தனுப்பும்போது இதே சொல்லைத்தான் சொல்லியனுப்புவாள். அரிசி நிறைஞ்சிருக்கு, ஒரு ஆழாக்குக் குடுங்க. சென்னைக்கு வந்து, மாதத்துக்கு ஒருதரம் செயலியில் மளிகை வரவழைக்கத் தொடங்கியதும் வடிவுக்கு அந்தச் சொல் மறந்தே போய்விட்டது. மறந்தது அவள். காய்ந்தது நாற்பது வீடு. அவள் கிணற்றுத் திட்டில் உட்கார்ந்தபடியே மற்ற ஊர்க் காவலர்களுக்குப் போன் போட்டாள். ஆறு பேரிடம் கேட்டாள், ஆறு பேரும் அதையே சொன்னார்கள். தண்ணீர் இருந்தவரை ரெண்டு பாகம், ஒரு பாகம், அரைப் பாகம். வற்றிய அன்றைக்கு நிறைஞ்சிருச்சு.

ஆக, ஊர் எவ்வளவுக்குக் காய்ந்ததோ அவ்வளவுக்கு வரைபடத்தில் நீலம் ஏறியிருக்கிறது. அரைப் பாகத்திலிருந்து ஒரே வாரத்தில் விளிம்புக்குத் தாவிய கோட்டைப் பார்த்துவிட்டு ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆழ்ந்த ஊற்று என்று பெயர் வைத்துக் கேடயம் வாங்கினார்கள். விஷயத்தை அவள் குருவம்மாவிடம் உடைத்துச் சொன்னாள்.

குருவம்மா கயிற்றைச் சுற்றி முடித்தாள். பிறகு கேட்டாள்: “அப்போ லாரிய நிறுத்துனது நானா?”

“நீங்க என்ன பண்ணுவீங்க? உங்க பேச்சு தெரியாத ஒண்ணை உங்ககிட்டப் பேச விட்டது நான்.”

“எங்களுக்கு வாயி நல்ல வாயா இருக்கணும்னு பேசுனோம். அதப் போய்ச் சாட்சியா வச்சுக்கிட்டு, குடிக்கிற தண்ணிய நிறுத்துனாகளா? மரியாதயாப் பேசுனதுக்குத் தண்டனையா மேடம் இது?” அவள் கயிற்றைத் திட்டில் போட்டாள். “சரி. வர்ற திங்கக்கெழமயே சொல்றேன். எங்க வீட்டுப் பெரியவுக எந்திரிச்சு வந்து கேட்டாலும் சரி. இல்லைன்னே சொல்றேன்.”

சொன்னார்கள். அடுத்த திங்கட்கிழமை இருபத்துமூன்று பெண்களும் பல்லைக் கடித்துக்கொண்டு, தண்ணீர் இல்லை என்று சொன்னார்கள். ஒருத்தி சொல்லிவிட்டு வாயைக் கழுவினாளாம், அதுவும் பக்கத்து வீட்டில் வாங்கிய தண்ணீரில். ஊற்றுக்கண் அதே பதவிசான குரலில் பதில் சொன்னது: “தங்கள் பதிவு முந்தைய அறுபது பதிவுகளுடன் முரண்படுகிறது. ஏற்பதற்கில்லை.”

வடிவு இயக்குநரின் அறைக்குள் கதவைத் தட்டாமல் நுழைந்தாள். நடந்ததை எல்லாம் கொட்டினாள். இளஞ்சேரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“எனக்குத் தெரியும் வடிவு.”

“என்ன தெரியும்?”

“நானும் அந்தப் பக்கத்துக்காரன்தானே. போன வருஷம் எங்க அத்தை போன் பண்ணி, சுகர் மாத்திரை நிறைஞ்சிருச்சு, வாங்கிட்டு வாடான்னாங்க. அன்னிக்கே எனக்குப் பளிச்சுன்னு புரிஞ்சுபோச்சு.”

தெரியாமல் செய்தார் என்றால் மடையர் என்று விட்டுவிடலாம். இந்த மனிதர் அத்தைக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டு, அத்தை ஊருக்குத் தண்ணீரை நிறுத்தியிருக்கிறார்!

“ஒரு வருஷமாத் தெரிஞ்சே சும்மா இருந்தீங்களா? நீங்கெல்லாம் மனுஷன்தானா?”

“சத்தம் போடாதீங்க. வரைபடம் சட்டமன்றத்துல வச்சாச்சு. பூங்காவுக்குக் கொடுத்தாச்சு. இப்பப் போய், ஐயா மன்னிச்சுருங்க, ஒரு வார்த்தையத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டோம்னு சொன்னா இயக்ககத்தையே மூடிருவாங்க. உங்க வேலையும் சேர்த்துத்தான் போகும். காவலர வாயாலயே சொல்ல வைக்கிறது உங்க யோசனைதானே?”

“ஆமா, என் யோசனைதான். என் பேரைப் போட்டே அறிக்கை குடுங்க. திருத்த மன்றத்தைக் கூட்டுங்க.”

“விதி தெரியாதா உங்களுக்கு? காவலர் எல்லாரும் ஒரே இடத்துல கூடி, ஊற்றுக்கண் முன்னால சொன்னாத்தான் படம் மாறும். அந்த மன்றத்தைக் கூட்டச் சொல்ற உரிமை பயனாளிக்குத்தான். நீல ஊரு பயனாளி கிடையாது, வழங்குநர். தண்ணி இல்லைன்னு சொல்றதுக்கு முதல்ல அவங்களுக்குத் தண்ணி கிடைக்கணும்.”

அவர் இதைச் சிரிக்காமல் சொன்னார். வடிவு களச்சான்றுப் படிவத்தை நாலாகக் கிழித்து அவர் மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தாள். மறுநாளே அவளைக் கல் மாதிரிக் கிடங்குக்கு மாற்றினார்கள். சான்றில் வேறொருவர் கையெழுத்துப் போட்டார். அவர் பொம்மக்கரிசலில் காரைவிட்டு இறங்கவே இல்லையாம்.

அவள் சும்மா இருக்கவில்லை. பத்திரிகைக்கு எழுதினாள். இயந்திரத்தின்மேல் பொறாமை கொண்ட பழைய பாறைக்காரி என்று ஒருவர் பதில் எழுதினார். நீதிமன்றத்துக்குப் போனாள். வாய்தாதான் கிடைத்தது. விடுமுறை நாட்களில் காரில் ஆறு கேன் தண்ணீரை ஏற்றிக்கொண்டு பொம்மக்கரிசலுக்குப் போவாள். நாற்பது வீட்டுக்கு ஆறு கேன் எந்த மூலைக்கு? குருவம்மா அதை டம்ளர் கணக்கில் பங்கு வைப்பாள். ஒவ்வொரு தடவையும் பூட்டு தொங்குகிற வீடுகள் கூடியிருக்கும். செங்கல் சூளைக்கு, திருப்பூருக்கு, பெண் கொடுத்த ஊருக்கு என்று போய்விட்டார்கள். குருவம்மாவின் மருமகள் ஏழு மாத வயிற்றோடு ஊருணியில் குடத்தைத் தூக்கும்போது வழுக்கி விழுந்தாள். பிள்ளை தங்கவில்லை. மகன் அவளைக் கூட்டிக்கொண்டு போனவன்தான், திரும்பி வரவில்லை.

“நீங்களும் கெளம்பிருங்களேன் குருவம்மா,” என்றாள் வடிவு.

“காவலரு கெளம்பிட்டா அப்புறம் யாரு மேடம் சொல்லுவா?”

ஆடி மாதம் உபரியை எடுக்கும் திட்டத்தைத் தொடங்கினார்கள். பந்தல், மாலை, மேளம் எல்லாம் இருந்தன. ஆயிரத்து இருநூறு அடிக்கு எட்டு ஆழ்துளைகள் போட்டார்கள். எட்டிலும் வெள்ளை வெளேரென்று கல் மாவுதான் வந்தது. ‘பம்பில் பழுது’ என்று ஊற்றுக்கண் பதிவு செய்துகொண்டது. கீழே தண்ணீர் நிறைந்திருப்பதுதான் அதற்குத் தெரியுமே! பம்பை மாற்றினார்கள், மறுபடியும் மாற்றினார்கள். தொழில் பூங்காவுக்கு வந்துகொண்டிருந்த, உப்பு நீக்கிய கடல்நீர்க் குழாயை, கரிசல் உபரி கிடைத்துவிட்டது என்று ஏற்கெனவே வேறு ஊருக்குத் திருப்பியிருந்தார்கள். மூன்றாம் நாள் பூங்காவில் கை கழுவக்கூடத் தண்ணீர் இல்லை.

பூங்கா பயனாளி அல்லவா? மன்றத்தைக் கூட்டச் சொல்லி ஒரே ஒரு கடிதம் அனுப்பியது. நாற்பது வீட்டு ஜனம் ஏழு மாதம் தொண்டை கிழியக் கத்தியும் கூடாத மன்றம், அந்தக் கடிதத்துக்கு இரண்டே நாளில் கூடியது. இருபத்துமூன்று பெண்களையும் ஊர் ஊராகப் போய்க் குளிர்சாதனப் பேருந்தில் அழைத்து வந்தார்கள். ஒன்றிய அலுவலக மண்டபத்தில் மோர் கொடுத்தார்கள். கல் கிடங்கிலிருந்து வடிவையும் வரவழைத்தார்கள். பெண்கள் அவள் சொன்னால் கேட்பார்கள் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

இளஞ்சேரன் கைகூப்பிக்கொண்டு குருவம்மாவின் முன்னால் வந்து நின்றார். “ஒரே ஒரு வார்த்தைம்மா. மைக்குல, தண்ணி இல்லைன்னு சொல்லிருங்க. படம் சிவப்பாயிரும், பூங்காவுக்குப் பழைய கடல்நீர்க் குழாய் திரும்பக் கிடைக்கும். உங்களுக்கும் லாரி வரும், எல்லாருக்கும் நல்லது.”

“சொன்னோமேய்யா. ஏத்துக்கிற முடியாதுன்னாகளே.”

“இப்ப ஏத்துக்கும். மன்றம் கூடிருச்சுல்ல?”

குருவம்மா வடிவைப் பார்த்தாள். வடிவு, “உங்க இஷ்டம் குருவம்மா. இவங்களுக்காக நான் உங்ககிட்ட ஒண்ணும் கேக்க மாட்டேன்,” என்றாள்.

“அப்போ ஒண்ணு செய்யுங்கய்யா,” என்றாள் குருவம்மா. “மொதல்ல எங்க இருவத்திமூணு ஊருக்கும் லாரி போகட்டும். தண்ணி வந்து சேந்துச்சுன்னு ஒவ்வொரு ஊராப் போன் வரட்டும். போன் வந்தவ எந்திரிச்சுப் போயி, நீங்க கேக்குற சொல்லச் சொல்லுவா. அதுவரைக்கும் எங்க வாயில நல்ல வார்த்தைதான் வரும்.”

இளஞ்சேரன் கெஞ்சினார். விதி என்றார், நேரமாகும் என்றார். பெண்கள் மோரைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பூங்காவிலிருந்து வந்திருந்த கோட்டு போட்ட மனிதர் அவர் காதில் ஏதோ சொன்ன பிறகு, எங்கிருந்துதான் வந்தனவோ, ஒரு மணி நேரத்தில் இருபத்துமூன்று லாரிகள் கிளம்பின. ஏழு மாதமாக இல்லாத லாரிகள்!

மதியத்துக்குமேல் போன்கள் அடிக்கத் தொடங்கின. அடித்ததும் அந்த ஊர்க்காரி எழுந்து மேடைக்குப் போவாள். “உங்கள் கிணற்றில் தண்ணீர் உண்டா?” என்று ஊற்றுக்கண் கேட்கும். அவள் கண்ணை மூடிக்கொண்டு, “இல்ல,” என்பாள். திரையில் ஓர் ஊர் சிவப்பாக மாறும். ஒருத்தி சொல்லிவிட்டு அழுதாள். ஒருத்தி மைக்கைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். நாலு மணிக்குள் இருபத்திரண்டு ஊர் முடிந்தது. பொம்மக்கரிசல் மட்டும் பாக்கி.

குருவம்மாவின் போன் அடிக்கவில்லை. இளஞ்சேரனின் போன்தான் அடித்தது. லாரி ஓட்டுநர். அவசரத்தில் ஒலிபெருக்கியில் போட்டார்.

“சார், நான் பொம்மக்கரிசல்ல நிக்கேன். தண்ணிய யாருக்கு சார் எறக்க? தெருவ ரெண்டு சுத்து சுத்திட்டேன். எல்லா வீடும் பூட்டிக் கெடக்கு. ஒரு குடங்கூட வைக்க ஆளக் காணோம்.”

வடிவு எழுந்து குருவம்மாவின் பக்கத்தில் போய் நின்றாள். “குருவம்மா? போன வாரம் ரெண்டு வீடு இருந்துச்சே?”

“செவ்வாக்கெழம அவுகளும் போயிட்டாக. நான்தான் மேடம் கடைசி. காலையில உங்க பஸ்சு வந்து ஆரன் அடிக்கவும் பூட்டிட்டு வந்தேன்.”

அவள் இடுப்பில் செருகியிருந்த சாவியை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு யாரும் கூப்பிடாமலே மேடையேறினாள்.

“பொம்மக்கரிசல். தண்ணீர் உண்டா?” என்றது ஊற்றுக்கண்.

“தண்ணி வந்திருச்சுய்யா,” என்றாள் குருவம்மா. “ஆளுதான் இல்ல.”

“நன்றி. பொம்மக்கரிசலில் தண்ணீர் உள்ளது எனப் பதிவு செய்யப்பட்டது.”

வடிவு இயக்குநரைப் பார்த்தாள். அவர் திரையைப் பார்த்து விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். “இருபத்திரண்டு போதும் சார், படம் செல்லும்,” என்று கோட்டுக்காரரிடம் சொன்னார். எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டு எழுந்தார்கள். திரையில் சுற்றிலும் சிவப்பாக இருக்க, பொம்மக்கரிசல் மட்டும் நீலமாகவே நின்றது.